பிராங்க் கில்பிரெத்

பிராங்க் பங்கர் கில்பிரெத் (ஜூலை 7, 1868 – ஜூன் 14, 1924) ஓர் அமெரிக்கப் பொறியியலாளர். வேலையின்போது உடல் அசையும் விதத்தை அளந்து, வீண் அசைவுகளையும் களைப்பையும் குறைக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர். இவர் தொழிலாளரின் விரல்களில் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி நடத்திய ஆய்வுகள், உடலில் அணியும் இன்றைய அசைவுணரிகளுக்கு முன்னோடியாக அமைந்தன.

இளமையும் கட்டடத் தொழிலும்

மெயின் மாநிலத்தில் உள்ள பேர்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். கல்லூரிக்குச் செல்லாமல், 1885 ஆம் ஆண்டில் தமது 17 ஆவது வயதில் கொத்து வேலை பழகச் சேர்ந்தார். தமக்குக் கற்பித்த கொத்தனார்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாக வேலை செய்வதைக் கவனித்தார். அக்காலத்தில் செங்கற்கள் கொத்தனாரின் காலடியில் குவிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கல்லுக்கும் அவர் குனிந்து நிமிர வேண்டியிருந்தது. அதாவது, சிறு கல்லுடன் தமது மேலுடலின் எடையையும் நாள் முழுவதும் தூக்கினார். செங்கல்லும் கலவையும் இடுப்பு உயரத்தில் இருக்குமாறு, சுவர் உயர உயரத் தானும் உயர்த்தக்கூடிய சாரம் ஒன்றைக் கில்பிரெத் வடிவமைத்தார். ஒரு செங்கல்லுக்கு 18 ஆக இருந்த அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணிக்கு 120 கற்கள் வைத்தவர் 350 கற்கள் வரை வைக்க முடிந்தது.

ஒளிச்சுவட்டு ஆய்வு

1904 இல் லில்லியன் மோலரை மணந்தார். உளவியல் கற்ற லில்லியன் இவரது ஆய்வுகளில் இணையாகப் பங்கேற்றார். இருட்டில் நீண்ட நேரம் திறந்து வைத்த நிழற்படக் கருவியில், விரல் விளக்குகள் சென்ற வழி ஒளிக்கோடாகப் பதிந்தது. மின்னோட்டத்தைச் சீரான இடைவெளியில் துண்டித்தபோது கோடு சிறு சிறு துண்டுகளாகத் தெரிந்தது. துண்டுகளை எண்ணி நேரத்தையும், அவற்றின் நீளத்தைக் கொண்டு வேகத்தையும் கணித்தனர்.

களைப்பும் கருத்து வேறுபாடும்

பிரடெரிக் டெய்லர் நிறுத்துகடிகாரத்தால் நேரத்தை அளந்தார். கில்பிரெத் அசைவுகளுக்கே முதன்மை அளித்தார். 1916 இல் தம்பதியர் வெளியிட்ட களைப்பு பற்றிய நூல், ஏற்ற நாற்காலியையும் ஓய்வு இடைவேளையையும் வலியுறுத்தியது. ஆயினும் சேமித்த உழைப்பு கூடுதல் உற்பத்திக்கே பயன்படும் எனத் தொழிற்சங்கத்தினர் பலர் இத்தகைய ஆய்வுகளை ஐயுற்றனர். உடலில் அணியும் கருவிகள் முதுகைக் காக்கவா, வேலையாளைக் கண்காணிக்கவா என்னும் இன்றைய விவாதமும் இதையொத்ததே. முதல் உலகப் போரில் உறுப்பிழந்த வீரர்கள் மீண்டும் தொழில் செய்யவும் கில்பிரெத் இம்முறையைப் பயன்படுத்தினார்.

மறைவு

1924 இல் மாரடைப்பால் காலமானார். அப்போது இவருக்கு வயது 55. இவரது பணியை லில்லியன் தொடர்ந்தார். 1935 இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.