செவிகுன்றிய பிளெமிங்கும் வானொலி வால்வும்

நோர்வூட்டில் மின்வசதி பெற்றிருந்த தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் இல்லத்தில் நாம் சிறுவயதிற் கண்ட பழைய வானொலிப்பெட்டி, விசையைத் திருப்பியவுடன் பேசிவிடாது. பின்புறத்துக் கண்ணாடி வால்வுகளுள் மெல்லச் செம்மை படரும். அரை நிமிடம் சென்ற பின்னரே கொழும்பின் குரல் எழும். அத்தாமதத்தின் காரணத்தை நாடுவோர் சேர் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் என்னும் பேரறிஞரின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் 1849 நவம்பர் 29இற் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் மக்ஸ்வெல்லிடம் பயின்றவர். 1885இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மின்பொறியியற் பேராசிரியரானார். எடிசன் விளக்குக் கம்பனியின் ஆலோசகராயிருந்த நாளில், விளக்குக் கண்ணாடியின் உட்புறத்திற் கருமை படிவதை ஆராய்ந்தார். சூடேறிய இழையிலிருந்து ஏதோ ஒன்று வெற்றிடத்தூடே பாய்வதை எடிசனும் கண்டிருந்தார்; ஆயினும் பெரும்பயன் கொண்டாரல்லர். அது இலத்திரன் என்பதை அன்று யாரறிவார்!

பின்னர் மார்க்கோனியின் ஆலோசகராகி, 1901இல் அத்திலாந்திக்கைக் கடந்த சைகைக்கான அனுப்பற்பொறியை வகுத்தார். காலப்போக்கில் அவர் செவிப்புலன் குன்றிற்று. சைகைகளைக் காதிற் கேட்டறிதல் அரிதாகவே, கண்ணாற் கண்டறியும் வழியைத் தேடினார். 1904 அக்டோபரில், அலுமாரியிற் கிடந்த பழைய விளக்குகள் நினைவில் எழுந்தன. இழையுந் தகடுங் கொண்ட ஒன்றைச் சுற்றிலே கோத்தார். இருபுறமும் ஊசலாடும் அலை ஒருபுறமாகவே பாய்ந்தது, மானி அசைந்தது! அவ்வாண்டு நவம்பர் 16இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். ஒருவழியே விடுவதால் அதற்கு வால்வு என்னும் பெயர் அமைந்தது. 1929இல் சேர் பட்டம் பெற்ற அவர், 1945 ஏப்ரல் 18இற் காலமானார்.

ஆதி வால்வுகளில் இழையே கதோட்டாகவும் இருந்தது. அதனை ஆடலோட்டத்தாற் சூடாக்கின் ஒலியோடு முரலொலியுங் கலக்கும். ஆகவே 1920களின் பிற்பகுதியிற் சூடாக்கியும் கதோட்டும் வேறாக்கப்பட்டன. மின்காப்பிட்ட சூடாக்கியைச் சுற்றி ஒரு நிக்கற்குழல். அதன்மேற் பேரியம் முதலியவற்றின் ஒட்சைட்டுப் பூச்சு. தங்குதன் இழைக்கு 2000 பாகைக்கு மேல் வேண்டும்; இப்பூச்சு ஏறத்தாழ 800 பாகை செல்சியசிலேயே இலத்திரன்களை உமிழும். அடுப்புத் தீ படபடத்தாலும் தோசைக்கல் ஒரே சீராகச் சுடுமன்றோ? குழலும் அவ்வாறே. கல் காய்வதற்கான பொழுதே நாம் காத்திருந்த அரை நிமிடம்.

கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி நிலையம் தொடங்கிற்று. நமது கெஹெல்கமு ஓயாவின் நீர் 1950 முதல் லக்சபானவில் மின்னாகிக் கொழும்புக்கு ஓடிற்று. அந்நீர் பிறக்கும் மலைகளின் லயங்களுட் பலவற்றுக்கோ மின்னொளி நெடுங்காலம் எட்டவில்லை. அங்கு வானொலி வைத்திருந்தோர் உலர்பற்றரிப் பெட்டிகளையே நாடினர். அவற்றின் வால்வுகளில், பிளெமிங்கின் விளக்கிற்போல, இழையே கதோட்டு. விசை திருப்பியதும் பேசும். பற்றரி தீர்ந்தால், அடுத்த சம்பளநாள்வரை பேசாது.