முத்துலட்சுமி அம்மையார் பெற்றுத் தந்த நிலம்

பட்டம் பெற்றவளையும் பதவி பெற்றவளையும் ஆற்றல் மிக்க பெண் என்று நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இவ்விரண்டையும் பெற்றவர். ஆயினும், அவரிடம் எனக்குப் பெரிதாகத் தோன்றுவன அவையல்ல.

அம்மையார் 1886 இல் புதுக்கோட்டையிலே பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி அதிபர். தாயார் சந்திரம்மாள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவிய குலத்திலே தோன்றியவர். ஆண்கள் பயிலும் மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு குறை. தாயின் குலம் மற்றொரு குறை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்த அம்மையார் 1912 இல் வைத்தியராக வெளிவந்தார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது, தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்று முன்னரே கேட்டுக்கொண்டார். நம் மாணவிகளுள் எத்தனை பேர் இன்றும் இவ்வாறு கேட்கத் துணிவரோ!

பின்னர் சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகவும் உபதலைவராகவும் அமர்ந்தார். நான் வியப்பது அங்கே அவர் ஆற்றிய ஒரு பணியை. தேவதாசிக்குக் கோயில் மானியமாக நிலம் இருந்தது. அவள் கோயிற்பணி செய்யும்வரையே அது அவளுக்கு உரியது. நிலம் கைவிட்டுப் போகாதிருக்க, அடுத்த தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்ட வேண்டியிருந்தது. பலரும் ஒழுக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அக்காலத்தில் அம்மையார் இம்முடிச்சைக் கண்டார். அவர் முயற்சியால் 1929 இல் நிறைவேறிய சட்டம், பணியை விட்டாலும் நிலம் அவளுக்கே உரியது என்றாக்கியது. சோற்றுக்கு வழியில்லாதவளிடம் விடுதலை பேசுதல் வீண் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

எதிர்த்தோரும் உளர். அவர்களுட் சிலர் தேவதாசிகளே. சங்கமாகக் கூடி அரசுக்கு மனு விடுத்தனர்; இசையும் நடனமும் காத்த தம்மையெல்லாம் ஒரே நிறத்தில் தீட்டுதல் தகாதென முறையிட்டனர். அக்குரலுக்கு அம்மையார் போதிய அளவு செவிசாய்த்தார் என்று நான் எண்ணவில்லை. பிறர் நன்மைக்காகப் போராடுவோர், அப்பிறர் பேசும்போது பொறுமையிழத்தல் உலகில் புதிதன்று.

1930 இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947 இலேதான் நிறைவேறியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனையாக 1954 இல் உருப்பெற்றது. 1968 இல் அவர் மறைந்தார்.

சட்டத்துக்கு முன்னரே சில சிறுமியர் அவ்வழக்கத்தை உதறி வெளியேறினர். சாதிவாரியாகப் பிரிந்திருந்த மாணவியர் விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வாறு தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பாடசாலையும் ஆசிரியர் பயிற்சிக் கூடமும் பின்னாளில் அதனோடு சேர்ந்தன.