கியூரி அம்மையாரின் குறிப்பேடுகள்

உலகம் போற்றும் அறிவியலாருள் மேரி கியூரி அம்மையாரும் ஒருவர். அவர் போலந்து நாட்டு வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையார் பள்ளி ஆசிரியர். அந்நாளில் வார்சா உருசியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பெண்டிர் சேர்தற்கு இடமில்லை. ஆதலின் மேரி, சில ஆண்டுகள் பிறர் இல்லங்களில் பிள்ளைகட்குப் பாடம் சொல்லிப் பொருள் ஈட்டி, 1891இல் பாரிசு நகரை அடைந்தார். வறுமையோடு போராடிக் கற்றுத் தேர்ந்தார். 1895இல் பியரி கியூரி என்னும் அறிவியலாரை மணந்தார்.

அடுத்த ஆண்டில் பெக்கரல் என்னும் அறிஞர், யுரேனியத்தினின்று கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் வெளிப்படுதலைக் கண்டறிந்தார். அக்கதிர்களின் இயல்பை ஆராய மேரி முற்பட்டார். அவர்க்கு வாய்த்த ஆய்வறை குளிரும் ஈரமும் மிக்கது. ஆயினும், தாம் அளந்ததையும் கண்டதையும் அன்றன்றே குறிப்பேட்டில் எழுதினார். 1898ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒருநாள் அறையின் வெப்பம் ஏறத்தாழ 6 பாகையே இருந்தது; அதனையும் அவர் எழுதத் தவறவில்லை. அவ்வாண்டிலேயே பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களைக் கணவரும் மனைவியும் உலகிற்கு அறிவித்தனர். பின்னர், ஒழுகும் கொட்டகை ஒன்றில் டன் கணக்கான கனிமத்தைக் காய்ச்சியும் வடித்தும், 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பைப் பிரித்தெடுத்தனர். அம்முறைக்குக் காப்புரிமை பெற்றுச் செல்வம் சேர்க்க அவர்கள் விரும்பவில்லை. யாவரும் அறிய எழுதி வெளியிட்டனர்.

1903இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. 1906இல் பியரி வண்டியில் அடிபட்டு இறந்தார். அம்மையார் துயரை அடக்கி, கணவர் வகித்த ஆசிரியப் பணியை ஏற்றார். 1911இல் மீண்டும் நோபல் பரிசு பெற்றார்.

ரேடியத்தால் விளையும் கேட்டை அந்நாளில் எவரும் முற்ற அறிந்திலர். அம்மையார் அதனை வெறுங்கையால் கையாண்டார். குருதி குன்றும் கொடிய நோயுற்று, 1934ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் மறைந்தார். அவர்தம் குறிப்பேடுகள் பாரிசிலுள்ள தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிகளுள் வைத்துக் காக்கப்படுகின்றன. தாள்களில் படிந்த ரேடியம் இன்றும் கதிர் வீசுவதே அதற்குக் காரணம்.

ரேடியம் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். சென்னையின் மேற்கே பாடியில் திருவலிதாயம் என்னும் பழம்பதி உள்ளது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அதனைப் பாடினார். அன்று ஒரு பேழையில் ரேடியத்தை இட்டு மூடியிருப்பின், இன்றும் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும். இதற்கிடையே எத்தனை அரசுகள் தோன்றி மறைந்தன! பண்டைக் கல்வெட்டின் எழுத்தையும் இன்று அக்கலை பயின்றவரே படிக்க வல்லர். எனவே, எழுதி வைத்தல் மட்டும் போதாது. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்துக் காத்தாற்போல, வழிவழியாகப் பெயர்த்தெழுதியும் காத்தல் வேண்டும்.

மும்பையை அடுத்த டிராம்பேயில் 1960இல் இயங்கத் தொடங்கிய சைரசு என்னும் அணு உலை 2010இல் நிறுத்தப்பட்டது. இத்தகைய உலையைப் பிரிப்பவர் அதனைக் கட்டியவர் அல்லர், அடுத்த தலைமுறையினர். எப்பகுதியில் எப்பொருள் எவ்வளவு உள்ளது, எக்கழிவு எங்கே புதைக்கப்பட்டது என்பதை அவர்க்கு ஏடுகளே சொல்லுதல் வேண்டும்.

ஏடு பேசாவிடத்து நேரும் தீங்கையும் அவ்வாண்டே நாம் கண்டோம். தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நெடுநாள் பயன்படாது கிடந்த கருவி, பழம்பொருளென்று ஏலத்தில் விற்கப்பட்டது. அதனுள் கதிர்வீசும் கோபால்ட்டு இருந்தது. மாயாபுரியிலுள்ள பழைய இரும்புக் கடையில் அதனை அறியாது பிரித்தனர். ஏழைத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் நோயுற்று வருந்தினர். பெட்டியுள் இருந்தது இன்னதென்று அவர்கட்குச் சொல்வார் இல்லை.

மாணவர்களே! கியூரி அம்மையார் நமக்கு விட்டுச் சென்ற செல்வங்கள் இரண்டு. ஒன்று, அவர் கண்ட பொருள்; மற்றொன்று, அதனைப் பற்றி அவர் எழுதி வைத்த குறிப்பு. முன்னதன் பயனைத் துய்க்கும் நாம், பின்னதன் நெறியையும் கைக்கொள்ளுதல் கடனாகும்.