பேசவும் மௌனங்காக்கவும் அறிந்தவர்



எங்கே பேசுவது, எங்கே பேசாதிருப்பது என்பதைத் தம் சீவியத்தாலேயே காட்டியவர் அர்ச். தாமஸ் மூர். குருவோ துறவியோ அல்ல; நம்மைப் போல் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்த குடும்பஸ்தர்.

லண்டன் நகரில் பிறந்த இவர் சட்டம் பயின்று, 1505-ம் ஆண்டில் விவாகம் செய்து, மூன்று பெண்களுக்கும் ஓர் ஆணுக்கும் தந்தையானார். 1511-ல் மனைவி இறக்கவே, ஆலிஸ் என்னும் விதவையை மணந்தார். பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று பலரும் எண்ணிய அக்காலத்தில், தம் குமாரத்திகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். செல்சியிலிருந்த அவருடைய வீட்டில், சாப்பாட்டு வேளையில் ஒருவர் வேதாகமம் வாசிப்பார். வாசித்ததைப் பற்றி யாவரும் சம்பாஷிப்பார்கள். அதன்பின் வேடிக்கைப் பேச்சும் சிரிப்பும் உண்டு.

இவருடைய இனிய பேச்சில் எட்டாம் ஹென்றி அரசன் மயங்கினான். இராப்போஜனத்துக்குப் பின் அடிக்கடி அழைத்து, வீட்டுக்குப் போக விடுவதேயில்லை. மனைவி மக்களை மாதமொருமுறை காண்பதும் அரிதாயிற்று. அப்போது தாமஸ் என்ன செய்தார் தெரியுமா? அரண்மனையில் தம் கலகலப்பை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார், அழைப்பும் குறைந்தது. மருமகன் ரோப்பர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

1529-ல் நாட்டின் சான்சலர் என்னும் உயர்பதவி இவருக்குக் கிடைத்தது. அரசனோ தன் தர்மபத்தினியைத் தள்ளிவிடவும், இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவனாகவும் துணிந்தான். தாமஸ் 1532-ல் பதவியைத் துறந்தார். 1534-ல், பாப்பரசரின் அதிகாரத்தை மறுக்கும் பிரமாணத்தைச் செய்ய இணங்காததால் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. மௌனத்தைக் குற்றமென்று தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது வழக்கறிஞரான அவருக்குத் தெரியும்.

1535 ஜூனில் அவருடைய புத்தகங்களை எடுத்துப்போகச் சிலர் வந்தனர். அவர்களில் ரிச்சர்ட் ரிச் என்பவன் அவரோடு பேச்சுக் கொடுத்தான். பின்பு நீதிமன்றத்தில், அரசனின் தலைமையை அவர் மறுத்துப் பேசியதாகச் சத்தியம் செய்தான். தாமஸோ அது பொய்ச் சத்தியம் என்று மறுத்தார். உடன் வந்த இருவர், தாங்கள் புத்தகங்களைக் கட்டுவதில் கவனமாயிருந்தபடியால் அப்பேச்சைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆயினும் ஜூலை 1-ல் மரணத் தீர்ப்பு. 6-ம் தேதி சிரச்சேதம். தீர்ப்பிட்டவர்களைத் தாம் மோட்சத்தில் மகிழ்ச்சியோடு சந்திக்க வேண்டுமென்று விரும்பினார். கொலைமேடையிலும் வேடிக்கை பேசினார். பதினோராம் பத்திநாதர் 1935-ல் இவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

பெற்றோர்களே! கடைத்தெருவில் சிரித்துப் பேசிவிட்டு வீட்டில் முகஞ்சுளிப்பது நமக்குத் தகுமா? இன்றிரவு சாப்பாட்டின்போது பிள்ளைகளோடு அன்பாய்ப் பேசுங்கள், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். பிறர் பேசியதைத் திரித்துச் சொல்வது ஓர் உயிரையே வாங்கும். ஆகையால் காதில் விழாததைக் கேட்டதாகச் சொல்லாதிருப்போமாக.