விட்டதைப் பிடிக்கப் போனவர்



தஸ்தயேவ்ஸ்கி (1821–1881) என்ற ரஷ்ய எழுத்தாளரை உங்களில் சிலர் வாசித்திருப்பீர்கள். 1850-ல் சைபீரியச் சிறைக்குப் போகிற வழியில் தமக்குக் கிடைத்த புதிய ஏற்பாட்டைச் சாகும்வரை பத்திரமாய் வைத்திருந்தவர். அவரையே ரூலெட் சூதாட்டம் வருஷக்கணக்காய்க் கட்டிப்போட்டது.

1863-ல் ஜெர்மனியிலுள்ள வீஸ்பாடன் நகரத்தில் பத்தாயிரம் பிராங்குக்கு மேல் ஜெயித்தார். அந்த ஜெயம்தான் கண்ணி என்பேன். பாதியை உடனே தோற்றார். 1865-ல் அதே ஊரில் கைக்காசும் கடிகாரமும் போய், தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். வெறும் தேநீரோடு கிடந்தார்.

1866-ல் கடன் நெருக்கவே, 26 நாளில் ‘சூதாடி’ என்ற நாவலைச் சொல்லச் சொல்ல, அன்னா என்ற இளம்பெண் சுருக்கெழுத்தில் எடுத்து முடித்தார். சூதாடியின் மனசை அதில் அக்குவேறு ஆணிவேறாய் எழுதியிருக்கிறார். பாருங்க, அடுத்த வருஷமே அந்த அன்னாவை மணந்து பாடன்-பாடனுக்குப் போனவர், கர்ப்பிணி மனைவியின் கம்மல், ப்ரோச், இரண்டு பேருடைய கல்யாண மோதிரம் எல்லாவற்றையும் அடகுக்கடைக்குக் கொண்டுபோனார்! அழுவார், மன்னிப்புக் கேட்பார், மறுபடியும் போவார். வியாதியைப் பற்றிய அறிவு வியாதியைக் குணமாக்கவில்லை. விட்டதைப் பிடிக்கணும் என்ற எண்ணம், வீட்டுச் சாமான் அடகுக்குப் போவது, இதுதான் கடைசித் தடவை என்ற வாக்கு: உங்கள் வீட்டில் இவை தென்பட்டால் இனி தனியாய்ப் போராட வேண்டாம். போதகரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடமும் போங்கள். அதில் வெட்கம் என்ன?

1871 ஏப்ரலில் மறுபடியும் வீஸ்பாடன். எல்லாம் தோற்று, ஊர் திரும்ப மனைவி அனுப்பிய 30 தாலரையும் தோற்றார். அந்த இரவு தெரிந்த ரஷ்யக் குருவானவர் ஒருவரைத் தேடி ஓடினார். இருட்டில் வழி தப்பியது. ரஷ்ய ஆலயம் என்று நினைத்துப் போன கட்டடம் யூதருடைய ஜெபஆலயம் என்று அங்கே ஒரு கடையில் சொன்னார்கள். தலையில் பச்சைத்தண்ணீர் கொட்டினது போலாயிற்று அவருக்கு. அறைக்குத் திரும்பி, ஒன்றையும் மறைக்காமல் மனைவிக்கு எழுதினார். அந்த அம்மா மறுபடியும் பணம் அனுப்பினார்கள்.

அதன்பிறகு அவர் சூதாடவே இல்லை. ஜெர்மனியில் சூதாட்ட விடுதிகளை மூடிவிட்டதால்தான் என்று சிலர் சொல்வதுண்டு. மூடியது 1872 முடிவில், இவர் நிறுத்தியது அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே.

ஊருக்குத் திரும்பியதும் கடன்காரர்களிடம் பேசுகிற வேலையை அன்னா ஏற்றுக்கொண்டார்கள். 1873-லிருந்து புத்தகங்களைத் தாங்களே அச்சிட்டு விற்றார்கள். அவர் மரிப்பதற்குச் சுமார் ஒரு வருஷம் முன்பு கடன் அடைந்தது.