மறைந்திருக்கும் நிறம்: பேரறிஞர் ஹால்டேன்

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், திருவில்லிபுத்தூரை அடுத்த நம் திருவண்ணாமலையில் மலைமேல் வீற்றிருக்கும் சீனிவாசப் பெருமாளை வணங்கிவிட்டு, இராஜபாளையத்தில் உள்ள நண்பன் இல்லம் சென்றேன். அங்கே இராஜபாளையம் நாய் ஈன்ற குட்டிகள் ஆறு விளையாடிக்கொண்டிருந்தன. பால் போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005ஆம் ஆண்டில் அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற இனமல்லவா! கைதட்டினேன். ஐந்து குட்டிகள் திரும்பிப் பார்த்தன. ஒன்று மட்டும் திரும்பவில்லை. அதற்குக் காது கேளாது என்று நண்பன் வருத்தத்துடன் சொன்னான். தாயும் தந்தையும் நன்றாகக் கேட்பவை. பின் இக்குறை எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடியபோதுதான் ஹால்டேன் என்னும் மாமனிதரின் வாழ்க்கை என் கண்முன் விரிந்தது.

இளமை

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 நவம்பர் 5 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். 1901இல் தந்தையார் சிறுவனை ஒரு சொற்பொழிவுக்கு அழைத்துச் சென்றார். டார்பிஷயர் என்பவர் மெண்டலின் மரபு விதிகளை விளக்கினார். அன்று விழுந்த விதை வீணாகவில்லை. சில ஆண்டுகளில் ஹால்டேனும் தங்கை நவோமியும் வீட்டுத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான கினிப் பன்றிகளை வளர்த்து, எந்த நிறத்துக்கு எந்த நிறம் பிறக்கிறது என்று ஏட்டில் எழுதலாயினர்.

மெண்டல் கண்டது என்ன? ஒவ்வொரு பண்புக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு மரபணுக்கள் உண்டு. ஓங்கு பண்பு ஒற்றையாக வந்தாலும் வெளிப்படும். ஒடுங்கு பண்போ இரட்டையாக வந்தாலன்றி வெளிப்படாது. ஒற்றையாக வந்தால் பதுங்கியிருக்கும். சுமப்பவனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சுண்டெலியும் போர்முனையும்

டார்பிஷயர் சப்பானிய நடன எலிகளையும் வெள்ளெலிகளையும் இணைத்து எடுத்த கணக்குகளை வெளியிட்டிருந்தார். நடன எலி சுழன்று சுழன்று ஆடுவதைக் கண்டு மகிழ்ந்து மக்கள் அதைச் செல்லமாக வளர்த்தனர். ஆனால் அந்த ஆட்டம் ஆட்டமன்று. உட்செவியில் உள்ள பிறவிக் குறை! அவ்வெலிகளுக்குக் காதும் கேளாது. அந்தக் கணக்குகளை ஆராய்ந்த ஹால்டேன், இளஞ்சிவப்புக் கண்ணைத் தரும் மரபணுவும் முழு வெண்மையைத் தரும் மரபணுவும் பிணைந்து செல்வதை உணர்ந்தார். தங்கையும் நண்பர் ஸ்பிரண்டும் துணை நிற்க, எலிகளை வளர்த்து அதனை உறுதி செய்தார். அதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. 1915இல் கட்டுரை வெளிவந்தபோது ஹால்டேன் போர்வீரராக இருந்தார்; ஸ்பிரண்டோ அதே ஆண்டில் போரில் மாண்டார். பாலூட்டிகளில் மரபணுப் பிணைப்பைக் காட்டிய முன்னோடிக் கட்டுரை அது. மெசபொடேமியாவில் காயமுற்ற ஹால்டேன், சிகிச்சைக்காக முதன்முறை இந்தியா வந்தார். அறிவியலில் பட்டமே பெறாத ஒருவரின் சாதனைகள் இவை என்பதை மாணவர்களாகிய நாம் மறத்தலாகாது.

கணக்கின் வலிமை

1924 முதல் அவர் இயற்கைத் தேர்வைக் கணக்காக்கினார். அரிய ஒடுங்கு பண்பு நன்மை தருவதாயினும், கலந்து இணையும் கூட்டத்தில் பரவ மிக நீண்ட காலமாகும். நெருங்கிய உறவில் இணைந்தால் விரைவில் வெளிப்படும் என்று காட்டினார்.

இதுவே விலங்கு வளர்ப்போரின் ஆசையும் ஆபத்தும் ஆகும். அமெரிக்காவில் பந்து மலைப்பாம்பின் வெளிறிய வகை 1992இல் வளர்ப்பில் முதன்முதலாகப் பிறந்தது. அத்தகைய பாம்பொன்றைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கிச் சாதாரணப் பாம்போடு இணைத்தால், முதல் தலைமுறை முழுவதும் சாதாரணமாகவே தோன்றும். அவற்றை வளர்த்து ஒன்றோடொன்று இணைத்தால் நான்கில் ஒன்று வெளிறியதாகலாம். எஞ்சிய மூன்றில் இரண்டு மறைவாகச் சுமக்கும். எவை என்று தோற்றத்தால் அறிய இயலாது. முதல் போட்டவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெருகப் பெருக விலையும் சரியும். அவசரப்பட்டு உடன்பிறப்புகளையே இணைத்துக்கொண்டு போனால், விரும்பிய நிறத்தோடு விரும்பாத குறைகளும் இரட்டையாகிவிடும்.

இந்தியாவில்

இலண்டனில் பேராசிரியராயிருந்த ஹால்டேன், சூயஸ் படையெடுப்பைக் கண்டித்து, 1957இல் துணைவியார் ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவில் குடியேறினார். மகலனோபிஸ் நடத்திய கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார், ஜிப்பா உடுத்தார், புலால் துறந்தார், இந்தியக் குடிமகனுமானார். அவரும் அவர் மாணவர் திரோணம்ராஜுவும் ஆந்திரத்தில் வழங்கும் தாய்மாமன் திருமணத்தில் கருத்தூன்றினர். அது நம் வீட்டுக் கதையும் அல்லவா?

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒடுங்கு மரபணு ஒன்று, நூறு மரபணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதாகக் கொள்வோம். உறவற்றோர் மணந்தால் 10,000 பிள்ளைகளில் ஒருவருக்கே குறை வெளிப்படும்; ஏறத்தாழ 198 பேர் மறைவாகச் சுமப்பர். அத்தை மகள், மாமன் மகள் திருமணங்களில் அந்த ஒன்று ஏறத்தாழ 7 ஆகும். தாய்மாமன் திருமணத்தில் 13 ஆகும். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறப்பர் என்பதையும் இக்கணக்கே சொல்கிறது. அஞ்ச வேண்டியதில்லை, அறிந்துகொள்ள வேண்டும்.

1962இல் புவனேசுவரம் சென்ற ஹால்டேன், அங்கே 1964 டிசம்பர் 1 அன்று புற்றுநோயால் மறைந்தார். தம் உடலையும் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்கே கொடுத்துச் சென்றார்.

முடிவுரை

நண்பன் வீட்டுக் குட்டிக்கு மீண்டும் வருகிறேன். உட்செவி நன்கு இயங்க நிறமிச் செல்கள் வேண்டும். வெள்ளை நாய்கள் சிலவற்றில் அவை அங்கே இல்லாமற்போவதால் காது கேளாமற்போகிறது. வெண்மையை மட்டுமே நாடி, சிறு கூட்டத்துக்குள்ளேயே இணைத்து வந்தால் இக்குறை மிகும். எனவே தோழர்களே, நாய் வளர்ப்போர் ஏடு வைத்து வம்சம் எழுதுங்கள். கேட்கும் திறனைச் சோதித்த பிறகே இணையுங்கள். உறவில் பெண் எடுக்கும் குடும்பத்தார், முன் தலைமுறையில் கண்ட நோய்களை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செவிட்டுக் குட்டியை நண்பன் யாருக்கும் கொடுக்கவில்லை. அது கைதட்டலுக்கு வராது. விளக்கொளி காட்டினால் ஓடி வரும். அதற்கு இனி இணை சேர்ப்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டான். ஹால்டேன் இருந்திருந்தால், அவன் ஏட்டைத்தான் முதலில் கேட்டிருப்பார்.