நம் சீமையின் டில்லி அங்கத்தினர்: ஸ்ரீ பூ. ச. குமாரசுவாமி ராஜா சரிதம்

நமது சஞ்சிகையில் நம் சமூகப் பெரியோரின் சரிதங்கள் வெளிவருதலே வழக்கம். இம்மாதம் எழுதப் புகுந்தது நம் குலத்தவரல்லாத ஒருவரைப் பற்றி. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கும் டில்லி இந்திய சட்டசபைக்கும் அந்நிய ஆட்சிக் காலத்தில் ஒரு தொடர்பு இருந்ததென்பதை நம் இளைஞருட் பலர் அறியார். அத்தொடர்பாக விளங்கியவருள் ஒருவர் இராஜபாளையம் ஸ்ரீ பூ. ச. குமாரசுவாமி ராஜா. குலம் வேறாயினும் சீமை ஒன்றே யாதலின், அவர் சரிதம் நமக்கும் உரியதே.

அவர் 1898-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி இராஜபாளையத்தில் பிறந்தார். முன்னாளில் தெலுங்கு தேசத்தினின்று வந்து குடியேறிய ராஜுக்கள் மரபினர். பிறந்த சில தினங்களிலேயே அன்னையை இழந்தார். மழலை மாறுமுன் தந்தையையும் இழந்தார். பாட்டியாரின் அரவணைப்பிலே வளர்ந்தார். குடும்பத்தில் செல்வத்துக்குக் குறைவில்லை. நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டு சுகமாகக் காலங் கழித்திருக்கலாம். அவரோ காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டார், கதரை மேற்கொண்டார், சட்டமறுப்புக் காலத்தில் சிறையும் புகுந்தார்.

1934-ல் சட்டமறுப்பு நிறுத்தப்பட்டபின், காங்கிரஸ் மகாசபை இந்திய சட்டசபையைக் கைப்பற்றத் தீர்மானித்தது. அச்சபையின் அமைப்பை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். மொத்தம் 145 அங்கத்தினர். அவருள் 105 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்; எஞ்சிய 40 பேர் சர்க்காரால் நியமிக்கப்பட்டவர். சென்னை மாகாணத்துக்குக் கிடைத்தவை 16 ஸ்தானங்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி என்னும் மூன்று ஜில்லாக்களின் முகமதியரல்லாதார் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஸ்தானம்! பழனி மலையடிவாரம் முதல் தாமிரவருணி கடலொடு கலக்குமிடம் வரை ஒருவரே பிரதிநிதி. அவ்வருஷத் தேர்தலில் அந்த ஸ்தானத்தைப் பெற்றவர் நம் ராஜா.

அவரைத் தேர்ந்தெடுத்தவர் யார்? பிரிட்டிஷ் இந்தியாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 27 கோடியாயிருக்க, இச்சபைக்கு வோட்டுரிமை பெற்றிருந்தவர் சுமார் 14 இலட்சம் பேரே. சொத்தும் வரியும் பார்த்தே அவ்வுரிமை வழங்கப்பட்டது. சொத்துடைய பெண்களுட் சிலருக்கும் அது கிடைத்தது. ஆனால் கண்மாய் நீரை நம்பிச் சிறு துண்டு நிலத்தைப் பயிரிட்டவன், பருத்திக் காட்டிலே கூலிக்கு நின்றவள், தறியிலே காலத்தைக் கழித்தவன் இவர்களுக்கெல்லாம் வோட்டு ஏது? நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் பெரும்பாலும் இவ்வகையினரே. அவர்கள் பெயரால் ராஜா டில்லி சென்றார். அவர்கள் வோட்டால் செல்லவில்லை.

சென்ற இடத்திலும் அதிகாரம் சொற்பம். 1935 ஜனவரியில் பிரிட்டனோடு செய்துகொண்ட வியாபார ஒப்பந்தத்தைச் சபை நிராகரித்தது. லங்காஷயர் ஆலைத்துணிக்குச் சலுகை காட்டிய அவ்வொப்பந்தம், பருத்தி விளையும் நம் நாட்டுக்கு வெறும் காகித விஷயமன்று. சர்க்கார் அத்தீர்மானத்தைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. வரவு செலவு மசோதாவைச் சபை வெட்டித் திருத்தினால், ராஜப்பிரதிநிதி தம் விசேஷ அதிகாரத்தால் அதைப் பழையபடி நிறைவேற்றிக்கொள்ளலாம். அவ்வாறே செய்தும் வந்தார். ஸ்ரீ சத்தியமூர்த்தியின் நாவன்மையால் அச்சபை அடிக்கடி அதிர்ந்தது. நம் ராஜாவோ ஆரவாரம் இல்லாதவர். வெல்ல முடியாத இடத்திலும் எதிர்ப்பைப் பதிவு செய்வது வீண் வேலையென்று சிலர் கூறுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சபை வேண்டாமென்றதைச் சர்க்கார் வலிந்து செய்கிறது என்பதை உலகறியச் செய்ய வேறு வழி அன்று இல்லை.

பின்னர் 1946-ல் சென்னை மாகாணத்தில் ஸ்ரீ பிரகாசத்தின் மந்திரிசபையில் ராஜா ஒரு மந்திரியானார். 1949 ஏப்ரல் 6-ந் தேதி ஓமந்தூர் ஸ்ரீ ராமசாமி ரெட்டியாருக்குப்பின் பிரதம மந்திரியானார். 1950 ஜனவரி 26-ல் குடியரசு மலர்ந்தபோது, முதலமைச்சர் என்னும் புதுப்பெயரும் அவரையே சேர்ந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் அவருக்கு முன்னரே இயற்றப்பட்டதாயினும், ஜமீன்களைச் சர்க்கார் கையேற்கும் பெருவேலை நடந்தது அவர் காலத்தில்தான். தலைமுறை தலைமுறையாய் ஜமீன் கச்சேரியில் கைகட்டி நின்ற குடியானவருக்கு அது சிறு மாறுதலன்று.

நம் சங்கத்தார் மறவாதிருக்க வேண்டிய விஷயம் இன்னொன்றுண்டு. வகுப்புவாரி உத்தரவின்படி, கலாசாலைகளில் ஒவ்வொரு 14 ஸ்தானங்களிலும் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 6, பிற்பட்ட ஹிந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனருக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கீடு இருந்தது. 1950-ல் சென்னை ஹைகோர்ட் இதைச் செல்லாதென்றது. ராஜாவின் சர்க்கார் சுப்ரீம் கோர்ட் வரை சென்று வாதாடித் தோற்றது. ஆயினும் அத்தோல்வியின் விளைவாகவே 1951-ல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்பட்ட வகுப்பாரின் கல்விக்குச் சர்க்கார் விசேஷ ஏற்பாடு செய்ய இடமுண்டாயிற்று. நம் பிள்ளைகள் கலாசாலை வாயிலில் நுழையும்போது இவ்வரலாற்றை யார் நினைக்கிறார்கள்?

அடுத்து நிகழ்ந்ததுதான் விசித்திரம். வயது வந்தார் அனைவரும் வோட்டளித்த முதல் பொதுத்தேர்தல் 1952-ல் முடிவுற்றது. மழை பொய்த்து, தானியத் தட்டுப்பாட்டால் ஜனங்கள் நொந்திருந்த காலம். சென்னை ராஜ்யத்தில் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. மந்திரிகள் பலர் தோற்றனர். முதலமைச்சரும் தம் சொந்த ஊர்ப் பக்கத்துத் தொகுதியிலேயே தோற்றார். அருப்புக்கோட்டை லோக்சபைத் தொகுதியில் வென்றவரோ காங்கிரஸை எதிர்த்து நின்ற பசும்பொன் ஸ்ரீ முத்துராமலிங்கத் தேவர். 1934-ல் வோட்டில்லாதிருந்த குடியானவனும் கூலிக்காரியும் முதன்முதலாகப் பெட்டியண்டை சென்று, சொத்துடையோரால் ஒருகால் டில்லிக்கு அனுப்பப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பினர். அவர் செய்த நன்மைகளை நோக்க, இத்தீர்ப்புச் சற்றுக் கடுமையென்றே கூறுவோம். அவர்களுக்கு அவ்வுரிமை வேண்டுமெனப் போராடிய கட்சியில் உழைத்தவரும் அவரே.

பதவி நீங்கியபின் 1954 முதல் 1956 வரை ஒரிஸ்ஸா கவர்னராக இருந்தார். இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குத் தானமாக அளித்தார். 1957-ம் வருஷம் மார்ச்சு மாதம் 16-ந் தேதி, தமது 58-வது வயதில் காலமானார்.